காணாமல் போன ஐந்து மீட்டர்

18 ஜூன் 2025, புதன்

மாடியில் போடுகிற அறைக்குச் செங்கல் வந்து இறங்கியது. பச்சமுத்து மேஸ்திரி வடக்கனந்தலிலிருந்து காலையிலேயே வந்துவிட்டார். கல்வராயன் மலைப் பக்கம் கறுத்திருக்கிறது, மழைக்கு முன்னால் சுவரைத் தூக்கிவிடலாம் என்கிறார். பார்ப்போம்.

மதியம் சென்னையிலிருந்து கூரியர். வீட்டுக்காரருடைய கம்பெனியின் சீல் வைத்த அட்டைப்பெட்டி. பிரித்தால், கப்பல். அவர் இன்ஜினியராக இருக்கிற, சாமான் ஏற்றுகிற கப்பல்தான், பிளாஸ்டிக்கில், துண்டு துண்டாக. நாமே ஒட்டிச் சேர்க்க வேண்டுமாம். உள்ளே அவர் பெயரில் ஒரு துண்டுச் சீட்டு, ஆபீஸ் ஆள் எழுதியது: "நூர் முகமது சார் சொன்னது: அளக்காமல் வரமாட்டாய், இந்தா அளந்துகொள்."

சிரித்துவிட்டேன். நான் சொன்னதுதான். போன மாதம் அவர் கேட்டார்: கப்பல் ஆகஸ்டில் தூத்துக்குடி வருகிறது, இந்தோனேசியா போய் நிலக்கரி ஏற்றிக்கொண்டு திரும்புகிற ஒரு நடை, இன்ஜினியர்கள் மனைவியைக் கூட்டிவரலாம், வருகிறாயா என்று. இதுதான் கடைசி வாய்ப்பு. இந்தக் கப்பலை விற்கப்போகிறார்கள். அடுத்து அவர் போகிற கப்பலில் குடும்பத்துக்கு அனுமதி இல்லை. நான் சொன்னேன்: "அளந்து பார்த்துட்டுச் சொல்றேன்."

அளக்காமல் நான் எதற்கும் தலையாட்டியதில்லை. ஃபிரிட்ஜ் வாங்கியபோது கதவை அளந்தேன், அவர் வீட்டார் சிரித்தார்கள். எதிர்வீட்டு நிர்மலா அளக்காமல் வாங்கினாள். அவள் ஃபிரிட்ஜ் இன்றைக்கும் நடையில்தான் நிற்கிறது, செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில்.

ஜூலை ஐந்துக்குள் ஆமா இல்லை சொல்ல வேண்டும்.

20 ஜூன், வெள்ளி

ஜுமுஆ நேரம் தெரு அமைதியாக இருந்தது. லுஹர் தொழுதுவிட்டு, பிஸ்மி சொல்லிப் பெட்டியைப் பரப்பினேன். துண்டுகளெல்லாம் ஒரு சட்டத்தில் பிஞ்சு முருங்கைக்காய் மாதிரி தொங்குகின்றன. நகவெட்டியால் வெட்டினால் சுத்தமாக வருகிறது. செய்முறைத் தாள் முழுக்கப் படம்தான், எழுத்து கொஞ்சம். எட்டாவதோடு நின்றவள் நான். மருந்துச் சீட்டையும் குக்கர் புத்தகத்தையும் வைத்து இங்கிலீஷ் கற்றுக்கொண்டேன், இது அதைவிடச் சுலபம்.

பெட்டியில் ஸ்கேல் என்று போட்டு 1/400 என்று இருக்கிறது. கப்பலில் நானூறு சென்டிமீட்டர் இருந்தால் இதில் ஒரு சென்டிமீட்டர். மகள் மாஹிரா கல்லூரியிலிருந்து வந்து, "ஸ்கேல் சரியா இருக்கான்னு பாத்தியாம்மா" என்றாள். மேலே சாரத்தில் நின்றிருந்த மேஸ்திரி காதில் விழுந்துவிட்டது. "ஸ்கேல் எதுக்கு பாயம்மா, எங்கிட்ட டேப்பே கீது" என்று இறங்கி வந்துவிட்டார். சிரித்துச் சிரித்து மாஹிராவுக்குப் புரையேறியது. ஆனால் டேப்பை வாங்கி வைத்துக்கொண்டேன்.

சட்டத்தின் ஓரத்தில் குட்டி மனிதர்கள், எறும்பு அளவு. கப்பலின் தளத்தில் ஒட்டவாம். ஒட்டப்போவதில்லை. உருவம் வைத்த வீட்டுக்குள் வானவர்களான மலக்குகள் வரமாட்டார்கள் என்று கேட்டு வளர்ந்தவள். மாஹிரா சொல்கிறாள், இதுக்கு மூக்கு வாயே இல்லைம்மா என்று. இல்லாவிட்டாலும் வேண்டாம். ஒருவனை மட்டும் கதவுப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். குனியாமல் நுழைகிறான். கதவு அளவு சரி. அவனைச் சட்டத்தோடு பெட்டியில் போட்டுவிட்டேன்.

22 ஜூன், ஞாயிறு

நைனார்பாளையத்திலிருந்து நாத்தனார் ஜன்னதுல் பிர்தௌஸ் வந்தாள். மீன் கொண்டு வந்தாள், கூடவே வாயையும் கொண்டு வந்தாள்.

"இன்னா அண்ணி, இருவது வருசம் கழிச்சி இப்பதான் தேன்நிலவா?"

"நிலக்கரி ஏத்தப் போறாங்க பிர்தௌஸ். நிலவு எங்க இருக்குது அதுல."

"போய்ட்டு வாங்க, மாஹிராவ நான் பாத்துக்கறேன். ஆனா உங்களுக்கு வீராணம் ஏரிய பஸ்ல தாண்டுறப்பவே கண்ணு மூடிக்கும்."

அது உண்மைதான். இருந்தாலும் அவள் அதை மாஹிராவுக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டாம்.

போகும்போது கப்பலைத் தூக்கிப் பார்த்து, "ஆளே இல்லாத கப்பல். அண்ணன் எங்க இருக்காரு இதுல?" என்றாள். நானும் அதைத்தான் பார்க்கவேண்டும் என்று நினைத்தேன்.

26 ஜூன், வியாழன்

கப்பலின் உடல் ஒட்டியாகிவிட்டது. கீழ்ப்பாதி சிவப்பு, மேல்பாதி கறுப்பு. இரண்டுக்கும் நடுவில் உள்ள கோடுதான் தண்ணீர் நிற்கிற மட்டமாம். மஃரிபுக்கு முன் வெளிச்சத்திலேயே அளந்தேன்.

கப்பல் நூற்றுத் தொண்ணூறு மீட்டர் நீளம், அவர் எழுதி அனுப்பியது. நானூறால் வகுத்தால் நாற்பத்தேழரை சென்டிமீட்டர் வரவேண்டும். அந்தக் கோட்டோடு நூல் பிடித்து அளந்தால் நாற்பத்தாறே கால் கூட வரவில்லை.

திரும்ப நானூறால் பெருக்கிப் பார்த்தேன். ஐந்து மீட்டர் காணோம். ஐந்து மீட்டர் என்றால் எங்கள் வீட்டு முன்னறையும் அதன் வாசலும். ஒரு குடும்பம் படுத்துத் தூங்குகிற இடம்.

கைச்சாந்தைக் கழுவிக்கொண்டிருந்த மேஸ்திரியைக் கூப்பிட்டுக் கேட்டேன். அளக்கிற இடம் சரிதானா?

"தரமட்டத்துல அளக்கணும் பாயம்மா. கடைக்கால் எங்க கீதோ அதான் வூட்டு அளவு. சன்ஷேடு நீட்டிக்கினு இருந்தா அத மனை அளவுல சேப்பாங்களா? மாட்டாங்க."

நானும் அப்படித்தான் நினைத்து அளந்தேன். தண்ணீர் மட்டம்தான் கப்பலுக்குத் தரைமட்டம். அதற்கு மேலே மூக்கு மாதிரி நீண்டிருப்பதெல்லாம் சன்ஷேடு.

27 ஜூன், வெள்ளி

மறுபடி அளந்தேன். அதே அளவுதான். சந்தேகமே இல்லை.

29 ஜூன், ஞாயிறு

அவர் பேசினார். கடல் நடுவில் இருந்தாலும் கப்பலில் வைஃபை உண்டு, ஞாயிற்றுக்கிழமை தெளிவாகக் கேட்கும்.

"உங்க கப்பல்ல அஞ்சு மீட்டர் காணோங்க."

"இன்னாது? குட்டையா பூடுச்சா? நேத்து கூட நடந்து பாத்தேனே, முழுசா இருந்துச்சே."

"வெளையாடாதீங்க. பெட்டியில ஒண்ணுக்கு நானூறுன்னு போட்டுக்கினு, உள்ள அளவு வேற வச்சிருக்கான். அளவுல கொறை வைக்கிறது பாவம்னு மதரஸாவுல படிச்சவ நான். அந்த கம்பெனி அச்சடிச்ச அளவே பொய்யா இருந்தா, அவன் கப்பலை நம்பி எப்படி ஏறுறது?"

"பொம்மை செய்யறவன் வேற, கப்பல் கட்டறவன் வேற நிஷா."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். நான் வரலைங்க."

பின்னால் இன்ஜின் இரைச்சல். அதற்கு நடுவில் சொன்னார்: "சரி."

வேறொன்றும் இல்லை. சரி.

1 ஜூலை, செவ்வாய்

அந்தச் சரி காதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. கோபப்பட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். கெஞ்சியிருந்தாலும் சொல்லியிருப்பேன். ஒத்த வார்த்தையில முடிச்சிட்டா நான் இன்னா பண்றது?

நான் அளந்தது சரி. கணக்கு சரி. இருபது வருஷமாக இந்த வீட்டில் அரிசி, பருப்பு, ஸ்கூல் ஃபீஸ், ஸகாத் எல்லாம் என் கையில்தான் நேராகின்றன. இது மட்டும் ஏன் நேராகிற மாதிரி இல்லை?

ஒன்று மட்டும் எழுதிவிடுகிறேன், வேறு யாரிடமும் சொல்ல முடியாது. ஐந்து மீட்டர் காணோம் என்று தெரிந்ததும் எனக்குள்ள ஒரு நிம்மதி வந்துச்சு. அது இன்னா நிம்மதி? அளவு தப்பானா யாருக்காவது நிம்மதி வருமா?

5 ஜூலை, சனி

ஆஷூரா நோன்பு, இன்றும் நாளையும். மாஹிராவும் பிடித்திருக்கிறாள்.

இன்றைக்குத்தான் கடைசி நாள். அவரிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. நானும் அனுப்பவில்லை. நோன்பு திறக்கும்போது கேட்கிற துஆ ஏற்கப்படும் என்பார்கள். பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு, என்ன கேட்பது என்று தெரியாமல், எது சரியோ அதைக் காட்டு யா அல்லாஹ் என்று மட்டும் கேட்டேன்.

கப்பல் ஃபிரிட்ஜ் மேல் இருக்கிறது. அதன் மேல் ஒரு துணி போட்டு வைத்திருக்கிறேன். தூசிக்காக.

8 ஜூலை, செவ்வாய்

எங்கிருந்து ஆரம்பிப்பது. கை பரபரக்கிறது.

மாடிக்குக் கம்பி வந்தது. பகலவன் என்கிற பையனுடைய சின்ன வண்டி. கம்பி பின்னால் வெகுதூரம் நீட்டிக்கொண்டிருந்தது, முனையில் சிவப்புத் துணி கட்டி. சந்துக்குள் ரிவர்ஸ் எடுத்து வந்தான். படார் என்று சத்தம். கேட்டுக்கு மேலே இருந்த விளக்கு, கண்ணாடியோடு கீழே.

நான் அடுப்படியிலிருந்து ஓடி வந்தேன். மேஸ்திரி சாரத்திலிருந்தே கத்திக்கொண்டிருந்தார்.

"கண்ணு எங்கடா வச்சிக்கினு ஓட்ற?"

"சக்கரம் இன்னும் கேட்டுகிட்டயே வரல மேஸ்திரி. பாத்துக்கினுதான் வந்தேன்."

"சக்கரத்த பாத்தா வண்டிய அளப்ப? முனைய பாக்கணும்டா, முனைய. இது இன்னா வூடா, கடைக்கால பாத்து அளக்கறதுக்கு? நவுர்ற பொருளுக்கு முனைதான்டா அளவு, அதுதானே போய் இடிக்கும்."

கண்ணாடியைக் கூட்டிக்கொண்டிருந்தவள், கையில் துடைப்பத்தோடு அப்படியே நின்றுவிட்டேன். மேஸ்திரி என் முகத்தைப் பார்த்து, "கண்ணாடிக்கு நான் பொறுப்பு பாயம்மா" என்றார். கண்ணாடியை யார் நினைத்தது.

"மேஸ்திரி, கப்பல் நகருமா நகராதா?"

"இன்னா கேள்வி பாயம்மா இது."

"அன்னிக்கு தரைமட்டத்துல அளக்கச் சொன்னீங்களே."

அவர் தலையைச் சொறிந்தார். "நீங்க மனை மாதிரி கேட்டீங்க, நானும் மனைன்னு சொல்லிட்டேன்."

கூட்டின கண்ணாடியை முறத்தில் அப்படியே வைத்துவிட்டு உள்ளே போனேன். துணியை எடுத்தேன். மேலே இருந்து இரண்டு செங்கல் கொண்டுவரச் சொல்லி, கப்பலின் மூக்கு நுனியில் ஒன்று, பின்பக்க நுனியில் ஒன்று, முட்டுகிற மாதிரி நிறுத்தினேன். கப்பலை எடுத்துவிட்டு இரண்டு செங்கலுக்கும் நடுவில் டேப் பிடித்தேன்.

நாற்பத்தேழரை. ஒரு மயிரிழை கம்மி. அது பசைக்கு ராவியபோது தேய்ந்தது, என் கை வேலை.

ஐந்து மீட்டர் எங்கேயும் போகவில்லை. நான் சன்ஷேடு என்று ஒதுக்கிவைத்த இடத்திலேயே இருந்தது. மேஸ்திரி குனிந்து டேப்பைப் பார்த்துவிட்டு, "கப்பக்காரன் யோக்கியன்தான்" என்றார்.

அளவு சரி. அப்படியென்றால் நான் இனிமேல் சொல்ல ஒரு காரணமும் இல்லை. பயந்தவளாகப் போகாமல் இருக்கலாம், அல்லது போகலாம். நிஷா, இரண்டில் ஒன்று சொல்லு.

அஸர் தொழுதுவிட்டு அவருக்கு வாய்ஸ் அனுப்பினேன். "அளந்தது தப்புங்க. வூடு மாதிரி அளந்துட்டேன். கப்பல் முழுசா இருக்குது. நாள் தாண்டிப்போச்சுன்னு தெரியும். இருந்தாலும் சொல்லிடுறேன், நான் வரேங்க."

9 ஜூலை, புதன்

ஃபஜ்ருக்கு எழுந்தபோது பதில் வந்திருந்தது. மூன்று முறை கேட்டேன்.

"உம் பேரு ஜூன்லயே குடுத்துட்டேன் நிஷா. எடுக்கணும்னா நான் எழுதிக் குடுக்கணும். எழுதல."

கடைசியில், சிரிப்பை அடக்கிக்கொண்டு: "நீ ஒரு தடவ அளந்துட்டு வுடுற ஆளா?"

அல்ஹம்துலில்லாஹ். தெருக்கேட்டுக்குப் புது விளக்கு வாங்க வேண்டும். அதை மேஸ்திரி தலையில் கட்டக்கூடாது.

15 ஜூலை, செவ்வாய்

அடுத்த விஷயம். இந்தத் தடவை நான் தடுமாறவில்லை.

கப்பலின் பின்னால் வெள்ளையாக ஒரு மாடி வீடு இருக்கிறது, அதில்தான் எல்லாரும் குடியிருக்கிறார்கள். அதை இன்றைக்கு ஒட்டினேன். அவர் ரூம் எங்கே என்று கேட்டதற்கு, மூன்றாவது மாடி, வலது பக்கம், முனையிலிருந்து இரண்டாவது ஜன்னல் என்று எழுதியிருந்தார். தேடினேன். கீழ்தளம், அதற்கு மேல் இரண்டு மாடி, உச்சியில் கப்பல் ஓட்டுகிற கண்ணாடி அறை. மூன்றாவது மாடியே இல்லை.

உடனே தீர்ப்புச் சொல்லவில்லை. சூடுபட்டவள். அவர் முன்பு அனுப்பிய போட்டோவை எடுத்து ஜன்னல் வரிசைகளை எண்ணினேன். போட்டோவில் ஒரு வரிசை கூடுதல். பிறகு அவரிடம் அந்த வீட்டின் உயரத்தைக் கேட்டு வாங்கி நானூறால் வகுத்தேன். கையில் இருப்பது ஏழு மில்லிமீட்டர் குட்டை. ஒரு மாடி உயரம் அவ்வளவுதான் வரும்.

ஃபோன் போட்டேன்.

"உங்க மாடி இல்லைங்க."

"அப்ப நான் எங்கதான் தூங்கிக்கினு இருக்கேன்?"

"வெளையாடல. ரெண்டு வழியில பாத்துட்டேன். முனையோட முனை அளந்துட்டேன்."

ஒரு மணி நேரம் கழித்துக் கூப்பிட்டார். குரலில் ஒரு குதூகலம். "கேப்டன் கிட்ட கேட்டேன். நீ சொல்றது சரி. இதே அச்சுல முன்னாடி ஒரு கப்பல் கட்டுனாங்களாம், அதுக்கு ஒரு மாடி கம்மி. பொம்மை அதப் பாத்து செஞ்சது."

"அவருக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியுமாம். யாரும் கேக்கலியாம், அதான் சொல்லலியாம்."

கப்பல்காரர்களும் நம் ஊர் ஆபீஸ்காரர்கள் மாதிரிதான் போல.

19 ஜூலை, சனி

மாடி கட்டினேன். மாஹிராவின் பழைய ஃபைல் அட்டை, வெள்ளை பிளாஸ்டிக். ஏழு மில்லிமீட்டர் உயரத்துக்கு நான்கு பட்டை வெட்டிப் பெட்டி மாதிரி ஒட்டி, ஊசியைச் சூடு பண்ணி ஜன்னல் போட்டேன். கண்ணாடி அறையைக் கழற்றி, நடுவில் இதை வைத்து, திரும்ப மேலே ஏற்றியாகிவிட்டது. இடது பக்கம் கொஞ்சம் சாய்ந்துவிட்டது.

மேஸ்திரி ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார். "ரசமட்டம் தப்பு பாயம்மா. நம்ம ஆளா இருந்தா திட்டியிருப்பேன்."

"நிக்குமா நிக்காதா, அத சொல்லுங்க."

"நிக்கும். நம்ம மாடியும் நிக்கும், உங்க மாடியும் நிக்கும்."

2 ஆகஸ்ட், சனி

பெட்டி கட்டுகிறேன். தொழுகை விரிப்பு முஸல்லா, தஸ்பீஹ் மணி, இரண்டு பாட்டில் எலுமிச்சை ஊறுகாய், வாந்திக்கு மாத்திரை. பயணத்தில் தொழுகையைச் சுருக்கித் தொழலாம், அதற்கான விவரத்தை உஸ்தாத் வீட்டம்மாவிடம் கேட்டுக்கொண்டேன். டேப்பை மேஸ்திரியிடம் திருப்பிக் கொடுத்தேன். அவர் வாங்கவில்லை. "எடுத்துக்கினு போங்க. அந்த ரூமையும் அளந்துட்டு வந்து சொல்லுங்க."

பிர்தௌஸ் வந்து, தன் வீட்டுக்குக் கொண்டுபோக மாஹிராவின் துணிகளை எடுத்து வைத்தாள். வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணி, பயமா இருந்தா கண்ண மூடிக்கங்க, வீராணத்துல மூடுவீங்களே அந்த மாதிரி" என்றாள். இந்தத் தடவை கிண்டல் இல்லை. நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

பயம் இருக்கிறது. கூடவே வரட்டும், அதற்கு டிக்கெட் கிடையாது.

14 ஆகஸ்ட், வியாழன், கடல்

கரை கண்ணுக்குத் தெரியாமல் போய் இரண்டு நாளாகிறது. முதல் நாள் வாந்தி. இன்றைக்கு ஊறுகாயோடு கஞ்சி இறங்கியது. அவர் இன்ஜின் அறையிலிருந்து முழங்கை வரை கரியோடு வந்து, நான் தட்டைக் காலி பண்ணுவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். "கைய கழுவிக்கினு வாங்க" என்றேன். போனார். இருபது வருஷத்தில் இந்த ஒரு வார்த்தையை நான் எத்தனை நாள் அவரிடம் நேரில் சொல்லியிருப்பேன்?

முஸல்லாவை விரித்தால் கட்டிலுக்கும் மேஜைக்கும் நடுவில் சரியாக உட்காருகிறது. கிப்லா கப்பலின் பின்பக்கம் வருகிறது என்று அவர் காட்டினார். ஊரும் அந்தப் பக்கம்தானாம். தொழ நின்றால் வீட்டையும் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறேன்.

சாயந்திரம் மாஹிரா கூப்பிட்டாள். மீதித் துணியை எடுத்துப்போக வீட்டுக்கு வந்திருக்கிறாளாம். கப்பலை ஃபிரிட்ஜ் மேலிருந்து இறக்கிக் கையில் வைத்திருப்பதாகச் சொன்னாள்.

"எங்கம்மா நிக்கிற இப்ப?"

"நான் கட்டின மாடிடி. ஒரு பக்கம் சாய்ஞ்சிருக்குமே, அது. வலது பக்கம் முனையில இருந்து ரெண்டாவது ஜன்னல்."

ஒண்ணு, ரெண்டு என்று ஜன்னலை எண்ணினாள். பிறகு, "வெரல வச்சிட்டேன்" என்றாள்.

நான் திரையை விலக்கினேன். வெளியே நீலம் மட்டும். கண்ணை மூடவில்லை.

"அம்மா, மேஸ்திரி மேல இருக்காரு. பாயம்மாவோட மாடி நிக்குதான்னு கேக்கச் சொல்றாரு."

"நிக்குதுன்னு சொல்லு" என்றேன்.